புளியங்குடியில் இறங்கிய கட்டைப்பை

ஜூலை 4, வெள்ளி: மதுரை, தென்காசி, குற்றாலம்

ராஜபாளையம் தாண்டியதும் தூங்கிவிட்டேன். நடந்த எல்லாவற்றுக்கும் அந்தத் தூக்கம்தான் காரணம்.

மாட்டுத்தாவணியில் செங்கோட்டை பஸ் ஏறும்போது மதிய வெயில் மண்டையைப் பிளந்தது. தோள்பையில் துணிமணி. கையிலிருந்த கட்டைப்பையில் புத்தகங்கள், கதை எழுதும் நோட்டு, பிரஷர் மாத்திரை, போன் சார்ஜர். கட்டைப்பையைக் காலடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்து சீட்டில் ஆட்கள் மாறிக்கொண்டே வந்தார்கள். திருமங்கலம் வரை ஒரு கல்லூரிப் பையன். அப்புறம் ஒரு பெரியவர், தன் மருமகன் ஏன் உருப்பட மாட்டான் என்பதைக் கிருஷ்ணன்கோவில் வரை எனக்கு விளக்கினார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜன்னலுக்கு வெளியே பால்கோவா வந்தது. கால் கிலோ 100 ரூபாய் என்றார்கள். நான் வாங்கவில்லை. ராஜபாளையத்தில் கூட்டம் ஏறியது. மலை பக்கத்தில் வந்து, காற்றில் குளுமை ஏறி, கண் செருகிவிட்டது.

"யம்மா, குத்தாலம்னு சொன்னீங்கள்ல, இறங்குங்க" என்று தென்காசியில் கண்டக்டர் எழுப்பினார். காலடியில் கைவிட்டு, கட்டைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அங்கிருந்து குற்றாலம் 5 கிலோமீட்டர்தான். ரோஸ் கலர் டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. இறங்கும்போது சாரல் விழுந்துகொண்டிருந்தது. அதை மழை என்று சொன்னால் உள்ளூர்க்காரர்கள் திருத்துகிறார்கள்: "மழ இல்லம்மா, சாரல்."

லாட்ஜ் அறையில் போன் சார்ஜரை எடுக்கலாம் என்று கட்டைப்பையைத் திறந்தால், உள்ளே ஒரு எவர்சில்வர் தூக்குவாளி இருந்தது.

என்னிடம் தூக்குவாளி கிடையாது.

மதுரையில் உள்ள ஒரு பெரிய துணிக்கடையின் பை அது. தென் மாவட்டத்தில் வீட்டுக்கு நாலு பை அந்தக் கடையுடையதுதான் இருக்கும். அதே மெரூன் கலர், அதே பிளாஸ்டிக் பிடி. யாரோ என் பையோடு எங்கேயோ இறங்கிவிட்டார்கள். அவர்கள் பை என் கட்டிலில் இருக்கிறது.

இந்த இடத்தில், நான் ஏன் குற்றாலத்துக்கு வந்தேன் என்று சொல்லிவிட வேண்டும். திருச்சியில் மெய்ப்புத் திருத்துவது, அதாவது அச்சுக்குப் போகும் பக்கங்களில் பிழை பார்ப்பது, என் பிழைப்பு. மிச்ச நேரத்தில் கதை எழுதுவேன். 11 வருடத்தில் அச்சேறியது 9. திரும்பி வந்ததை எண்ணுவதில்லை. போன வருடக் கடைசியில் ஒரு பத்திரிகை ஆசிரியர் கதையைத் திருப்பி அனுப்பி, கூடவே இரண்டு வரி எழுதியிருந்தார். உங்கள் கதைகளில் ஒன்றும் நடப்பதில்லை, ஆனால் எல்லாரும் எதையோ தேடிக்கொண்டே இருக்கிறார்கள், பேசாமல் துப்பறியும் கதை எழுதிப் பாருங்களேன் என்று. கிண்டலா, அறிவுரையா, இன்றுவரை தெரியவில்லை. நான் அறிவுரையாகவே எடுத்துக்கொண்டேன். ஆறு மாதமாகத் துப்பறியும் கதைகள் மட்டும்தான் படிப்பு. ஒரு கொலைக்கதையும் ஆரம்பித்தேன். 30 பக்கம் ஆகிவிட்டது, சாக வேண்டிய ஆள் இன்னும் சாகவில்லை. ஒவ்வொரு முறை அவரைக் கொல்லப் போகும்போதும் அவர் காபி குடிக்கிறார், மகளிடம் போனில் பேசுகிறார், எனக்கு மனசு வருவதில்லை. சரி, ஒரு வாரம் தனியாக உட்கார்ந்து முடித்துவிடலாம் என்றுதான் இங்கே வந்தேன்.

அந்த 30 பக்கமும் இப்போது யார் வீட்டிலோ இருக்கிறது. போனில் 6 சதவீதம் சார்ஜ். என் போன் பழசு, பழைய பின். லாட்ஜில் எல்லாரிடமும் புது பின் சார்ஜர்தான் இருந்தது. ராத்திரி 9 மணிக்கு போன் கண்ணை மூடியது.

வாட்ச்மேனிடம் புலம்பினேன். டீக்கடையில் புலம்பினேன். பரோட்டாக் கடையில் இலை போட்டவரிடமும் புலம்பினேன். பரோட்டா ஒன்று 15 ரூபாய், நல்ல மொறுமொறுப்பு. புலம்பிக்கொண்டே நாலு சாப்பிட்டேன்.

ஜூலை 5, சனி: குற்றாலம்

காலை 6 மணிக்குப் பேரருவி. பெண்கள் பக்கம் ஏற்கெனவே திருவிழாக் கூட்டம். அருவி மேலிருந்து நேராக நம் தலைக்கு வருவதில்லை. நடுவில் பொங்குமாங்கடல் என்று ஒரு பள்ளம் இருக்கிறது, அதில் விழுந்து, பொங்கி, அப்புறம்தான் இறங்குகிறது. அந்தப் பள்ளம் இல்லாவிட்டால் நம் முதுகெலும்பு மிஞ்சாது என்றார் பக்கத்தில் நின்ற அம்மா. முகம் தெரியாத அவர், என் முதுகைத் திருப்பி, தண்ணீர் விழுகிற இடத்தில் சரியாக நிறுத்திவிட்டு, "இங்க நில்லுங்க, கழுத்து வலியெல்லாம் போயிரும்" என்றார். மெய்ப்புப் பார்க்கிறவளின் கழுத்து என்று எப்படித் தெரிந்ததோ.

பத்து நிமிடம்தான். தண்ணீர் அதிகமாகிறது என்று போலீஸ்காரர் விசில் ஊதி எல்லாரையும் வெளியேற்றினார். நாள் முழுக்கக் குளிக்கத் தடை. ஒரு மங்குஸ்தான் கடையில் விலை கேட்டேன், கிலோ 320 என்றார்கள், கால் கிலோ வாங்கிக்கொண்டு அறைக்கு வந்தேன். வேறு வேலை இல்லை. கட்டைப்பையைக் கட்டிலில் கவிழ்த்தேன்.

தொலைந்த என் பையில் இருந்த புத்தகங்களில் ஒன்று ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளின் முதல் தொகுப்பு. அதில் 1892-இல் வந்த நீல மாணிக்கக் கதையில், தெருவில் கிடந்த ஒரு பழைய தொப்பி ஹோம்ஸ் கைக்கு வரும். அதை வைத்துக்கொண்டு அந்த ஆள் ஒரு காலத்தில் வசதியாக இருந்தவர், இப்போது நொடித்துப்போனவர், மனைவிக்கு அவர்மேல் பாசம் போய்விட்டது என்பது வரை சொல்லிவிடுவார். தொப்பியில் வாரக்கணக்கில் தூசி தட்டாமல் இருந்ததுதான் கடைசி முடிவுக்கு ஆதாரம். எனக்கு அந்தக் கதையில் பிடித்தது வேறொன்று. கதையின் தொடக்கத்திலேயே ஹோம்ஸின் நண்பர் வாட்சன், கடைசியாகத் தான் குறித்துவைத்த ஆறு வழக்குகளில் மூன்றில் சட்டப்படி குற்றமே கிடையாது என்கிறார். அதைப் படித்தபோது பென்சிலால் கோடு போட்டேன். ஏன் போட்டேன் என்று அப்போது யோசிக்கவில்லை.

தொப்பி இல்லை, தூக்குவாளி இருக்கிறது. ஆரம்பித்தேன்.

தூக்கின் அடியில் பெயர் வெட்டியிருந்தது: ச.மு. 30-8-87. ஆவணி முகூர்த்தம். கல்யாணத்துக்கு வந்த பாத்திரம். ஆக, ஆளுக்கு இப்போது 60 வயது பக்கத்தில் இருக்கும், பெயர் ச.மு. தூக்கு காலி, கழுவியிருந்தது. இதில்தான் நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சொந்தக்காரர் வீட்டுக்குத் தூக்கில் ஏதாவது கொண்டுபோனால் யாரும் காலியாகத் திருப்பித் தர மாட்டார்கள். ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் தருவார்கள். ஆகவே சொந்தக்காரர் வீட்டுக்குப் போகவில்லை. தானே சாப்பிட்டு, எங்கோ குழாயடியில் கழுவியிருக்கிறார்.

அடுத்து, செய்தித்தாளில் சுற்றிய புது எம்.சி.ஆர். செருப்பு ஒரு ஜோடி. கடையில் எடுத்ததில்லை, அளவெடுத்துத் தைத்தது. வலது செருப்பு இடதைவிட இரண்டு விரல் பெரிது. எம்.சி.ஆர். என்றால் சர்க்கரை வியாதிக்காரர்கள் போடுகிற செருப்பு. கால் வீங்கியிருக்கிறது. மதுரையில் ஆஸ்பத்திரி, நாள் முழுக்கக் காத்திருப்பு, அதனால்தான் தூக்கில் சாப்பாடு. ஆனால் செருப்புக்குப் பக்கத்தில் அரைக் கிலோ பால்கோவா. சர்க்கரை வியாதிக்காரருக்கு எதற்குப் பால்கோவா? பேரப்பிள்ளைக்கு இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பையின் அடியில் இரண்டு காய்ந்த இலை, ஒரு முள். இலையைக் கசக்கி மோந்தால் எலுமிச்சை. போகும்போது பை நிறைய எலுமிச்சம்பழம் போயிருக்கிறது. அந்தத் தடத்தில் எலுமிச்சை என்றால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும், புளியங்குடி.

கடைசியாக ஒரு பாக்கெட் நாவல். அட்டை கிடையாது, அதனால் தலைப்பும் கிடையாது, எழுதியவர் பெயரும் கிடையாது. 80-ஆம் பக்கத்தோடு நின்றுவிட்டது. 16 பக்கம் ஒரு பாரம், இந்த மாதிரி நாவல்கள் பெரும்பாலும் ஆறு பாரம், 96 பக்கம். கடைசி பாரம் கழன்றுவிட்டது. கொலைகாரன் யார் என்பது அதற்குள்தான் போயிருக்கிறது. பக்கத்தின் பின்புறம் விரலால் தடவினால் எழுத்து தட்டுப்பட்டது. அதாவது ஈய எழுத்துக் கோத்து அடித்தது. ஆனால் ணை, லை, னை எல்லாம் புது மாதிரி, துதிக்கை போட்ட பழைய மாதிரி இல்லை. எழுத்துச் சீர்திருத்தம் வந்தது 1978-இல். ஆகவே அதற்கப்புறம், எண்பதுகளில் வந்திருக்கும். இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, இது என் தொழில்.

ஓரங்களில் நீல மைப் பேனாவால் குறிப்புகள். 22-ஆம் பக்கம்: "வேலைக்காரன் இல்லை." 47: "டாக்டர் மேல் சந்தேகம்." 80-ஆம் பக்கத்தின் கீழே: "தம்பிதான். பூட்டை உடைக்கலையே." நிமிர்ந்த கையெழுத்து, ஒவ்வொரு புள்ளியும் வட்டமாக. வாழ்நாள் முழுக்கப் பேரேடு எழுதிய கை. ஓய்வுபெற்ற குமாஸ்தா என்று முடிவுகட்டினேன்.

சின்ன வயதில் பாட்டி சொன்ன ஒட்டகக் கதை ஞாபகம் வந்தது. தொலைந்த ஒட்டகத்தைக் கண்ணால் பார்க்காத நாலு பேர், அது நொண்டி, வலது கண் குருடு, வால் கட்டை என்று சொல்வார்கள். ஒட்டகக்காரன் இவர்கள்தான் திருடர்கள் என்று ராஜாவிடம் போவான். தடத்தில் ஒரு கால் பதியவில்லை, பாதையின் இடது பக்கத்து இலையை மட்டும்தான் தின்றிருக்கிறது என்று அவர்கள் விளக்குவார்கள். இந்தக் கதை உலகம் சுற்றியது. செரண்டிப் நாட்டு இளவரசர்கள் மூன்று பேரின் கதையாக 1557-இல் வெனிஸில் அச்சானது. செரண்டிப் என்பது நம் பக்கத்து இலங்கைதான். அதைப் படித்த ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் 1754-இல் ஒரு கடிதத்தில் செரண்டிபிட்டி என்ற சொல்லை உண்டாக்கினார். தேடாததைத் தற்செயலாகவும் புத்தியாலும் கண்டடைவது. தமிழில் இந்தக் கதை அலகேச ராஜன் கதைகளில் வருகிறது. அந்தக் கதைகளை ஆங்கிலத்தில் கொண்டுபோன பண்டித நடேச சாஸ்திரிதான் 1894-இல் தானவன் என்ற போலீஸ்காரரை வைத்துத் தமிழில் துப்பறியும் கதையும் எழுதினார். ஒட்டகம் தேடியவர் திருடனைத் தேடப் போனதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது. எனக்கு உறைத்தது என்னவென்றால், ஒட்டகக் கதையில் பிணம் கிடையாது. இருந்தும் குழந்தையாக இருந்தபோது நான் மூச்சு விடாமல் கேட்டேன்.

ராத்திரி மழை. நிஜ மழை, சாரல் இல்லை. வெளியே போக முடியவில்லை. மங்குஸ்தான் தீர்ந்துவிட்டது. 10 மணிக்குப் பால்கோவா டப்பாவைத் திறந்தேன். நாளைக்குக் கெட்டுப்போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஒரு ஓரத்தில் கொஞ்சம் எடுத்தேன். அப்புறம் அந்த ஓரத்தை நேராக்க இன்னும் கொஞ்சம். ஆதாரத்தைத் தின்ற துப்பறிவாளர் வேறு யாராவது உண்டா, தெரியவில்லை.

ஜூலை 6, ஞாயிறு: புளியங்குடி

கடைகள் திறக்கும் முன்பே தென்காசியில் பஸ் ஏறிவிட்டேன். 30 ரூபாய் டிக்கெட். சார்ஜர் வாங்க அரை மணி காத்திருந்தால் போதும், மொத்தக் கதையும் பத்து மணிக்கே முடிந்திருக்கும். எனக்குத்தான் ஊரைக் கண்டுபிடித்த கர்வம்.

புளியங்குடியில் இறங்கி எலுமிச்சை மண்டிப் பக்கம் போனேன். ஞாயிறு என்பதால் பாதிக் கடை மூடியிருந்தது. திறந்திருந்த ஒரு கடையில் பழங்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தவரிடம், பையில் எலுமிச்சை இலை இருந்ததால் வந்தேன் என்று சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்த ஊர்ல எந்தப் பையில எலும்பிச்ச இல இல்ல?"

ச.மு. என்று கேட்டதும் ஒருவர் உற்சாகமாக வழி காட்டினார். மாடி வீடு. வெள்ளை வேட்டிப் பெரியவர் வெளியே வந்தார். உட்காரவைத்து, எலுமிச்சை ஜூஸ் கொடுத்து, "எந்தக் கோயில் வசூலும்மா?" என்றார். ஆள் இவர் இல்லை. இரண்டு காலும் ஒரே அளவு.

பஸ் நிலையத்துக்குத் திரும்பி, டீக்கடையில் உட்கார்ந்தேன். டீ 12 ரூபாய். தோற்றுப்போன முகத்தோடு மாஸ்டரிடம் செருப்பை எடுத்துக் காட்டினேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"இது நம்ம ஆபரேட்டர் அண்ணாச்சி செருப்புல்லா!"

சினிமா தியேட்டரில் படம் ஓட்டியவராம். தியேட்டர் மூடிப் பல வருடம் ஆகிறது, பட்டம் மட்டும் நிற்கிறது. இரண்டு தெரு தள்ளி வீடு. ஒரு பொடியனைக் கூட அனுப்பினார். பொடியன் வழியெல்லாம் என் கையிலிருந்த பையைத் தானே தூக்கி வருவதாக அடம்பிடித்தான்.

திண்ணையில், வலது காலை முக்காலியில் நீட்டியபடி அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். பையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. என்னைப் பார்த்ததால் இல்லை.

"வாங்க தாயி வாங்க. பால்கோவா இருக்கா?"

சொல்லிவிட்டேன். எவ்வளவு தின்றேன் என்று டப்பாவைத் திறந்தும் காட்டினேன். அவர் சிரித்த சிரிப்பில் முக்காலி ஆடியது. "மழைக்குத் திங்கத்தான செய்யும்! நாங்கூட அப்படித்தான்." உங்களுக்குச் சர்க்கரை இருக்குமே என்று தயங்கினேன். "சுகரா? எனக்கா? இது யானைக்கால் தாயி. இருவது வருசமாச்சு. இனிப்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

ச.மு.? "என் கூட்டாளி. எங்க கல்யாணத்துக்கு மொய்க்குப் பதிலா தூக்கு வச்சான். அவன் பேரத்தான வெட்டுவான்?"

அதைத் தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த நான் யோசித்திருக்க வேண்டும். பாத்திரத்தில் கொடுத்தவர் பெயர்தான் இருக்கும்.

எலுமிச்சம்பழம் யாருக்குப் போனது என்று கேட்டேன். மதுரையில் செருப்புத் தைப்பவருக்காம். கூலிக்கு மேல் ஒரு ரூபாய் கூட வாங்க மாட்டாராம், பழம் என்றால் மட்டும் மறுப்பதில்லை. சரி, அண்ணாச்சியின் மனைவி, அந்த அக்கா எங்கே?

அங்கேதான் கதை. அக்கா காலை 7 மணி பஸ்ஸில் குற்றாலம் போய்விட்டார், என்னைத் தேடி.

மாத்திரைக் கவரில் திருச்சி மருந்துக்கடையின் நம்பர் அச்சடித்திருந்தது. அதில் பேசியிருக்கிறார். மாத்திரைப் பெயரைச் சொன்னதும் கடைக்காரர், "அந்த அம்மாவா, குற்றாலம் போறேன்னு ஒரு வாரத்துக்கு வாங்கிட்டுப் போனாங்க" என்று சொல்லி என்னையும் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். அண்ணாச்சியின் போனும் என் போன் மாதிரியே பழசு. அவர் சார்ஜரில் என் போனைப் போட்டு உயிர் வந்ததும், தவறிய அழைப்புகள் 14.

அண்ணாச்சி அக்காவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். மூன்றாவது லாட்ஜிலேயே கண்டுபிடித்துவிட்டாராம். "திருச்சிக்காரம்மான்னு கேட்டேன், வாச்மேன் 'கட்டைப்பை தொலைச்ச அம்மாவா?'ன்னாரு. ஊரு பூராச் சொல்லி வச்சிருக்காக. இப்ப எங்க அவுக?" இங்கேதான் என்றார் அண்ணாச்சி. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. அப்புறம், "சோறு போட்டியளா?"

உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். காலையிலேயே அக்கா வடித்து வைத்துவிட்டுப் போனது. அண்ணாச்சியே எழுந்து நடந்து வந்து பரிமாறினார், புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு. "நல்லாப் பிடிக்கி" என்று இரண்டு தரம் சொன்னார்.

2 மணிக்கு அக்கா வந்தார். ஒல்லியான உருவம், பெரிய மூக்குத்தி, கையில் என் கட்டைப்பை. வந்ததும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "டீச்சர் இல்லையே நீங்க?" என்றார். பையில் நாலு சிவப்புப் பேனா இருந்ததால் முதலில் டீச்சர் என்று நினைத்தாராம். "ஆனா நோட்டப் பாத்தேன். வெட்டி வெட்டி எழுதியிருக்கு. டீச்சர்னா இப்படி எழுத மாட்டாக." பாக்கெட் நாவலின் ஓரத்தில் எழுதியதும் அவர்தான். பேரேடு எழுதிய கை என்று நான் நினைத்தது, தீப்பெட்டி கம்பெனியில் கணக்கு எழுதிய கை. தொழிலைக் கிட்டத்தட்டச் சரியாகப் பிடித்தேன், ஆளை மட்டும் ஆணாக்கிவிட்டேன். இதற்கு நான் வெட்கப்பட்டே ஆக வேண்டும்.

இரண்டு ராத்திரியில் அக்கா என் பையிலிருந்த தேவனின் துப்பறியும் சாம்புவை முடித்துவிட்டார். அசட்டு பேங்க் குமாஸ்தா சாம்பு, எதையாவது உளறப்போய் அதுவே சரியாகி, திருடன் மாட்டுகிற கதைகள். "உங்களப் போலத்தான்" என்றார். நான் மறுக்கவில்லை. அப்புறம் என் நோட்டையும் படித்திருக்கிறார், 30 பக்கமும்.

"அந்த ஆள எப்பம்மா கொல்லுவீய?"

தெரியவில்லை என்றேன்.

"நல்லாத்தான இருக்காரு, காப்பி குடிச்சுக்கிட்டு. அவரு பீரோ சாவியக் காணும்னு மூணாம் பக்கத்துல எழுதிருக்கீய. நான் அந்தச் சாவி எங்கன்னுதான் தேடிக்கிட்டே வாரேன். அத அம்போன்னு விட்டுட்டீய. அது எங்க போச்சு?"

சாவியைப் பற்றி எழுதியதே எனக்கு மறந்துபோயிருந்தது. நோட்டை வாங்கிப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில் இருந்தது.

கிளம்பும்போது அட்டையில்லாத நாவலை என்னிடமே கொடுத்துவிட்டார். "அச்சுத் தொழில்ல இருக்கீய, கடைசி பாரம் எங்கயாச்சும் கெடச்சா தம்பிதானான்னு மட்டும் சொல்லுங்க." தூக்கில் உளுந்தஞ்சோற்றை அடைத்து, பையில் முப்பது எலுமிச்சம்பழம் போட்டார். பஸ் ஏற்றிவிட அண்ணாச்சியும் வந்தார், தெருமுனை வரை, புதுச் செருப்போடு.

ஜூலை 7, திங்கள்: குற்றாலம்

வாட்ச்மேன் என்னைக் கண்டதும் எழுந்து நின்று, "அந்தம்மா பைய வாங்கிட்டீங்களா?" என்றார். டீக்கடையிலும் அதே கேள்வி. பரோட்டாக் கடையில் காசு கொடுக்கும்போதும் அதே. ஊருக்கே பதில் சொல்லிவிட்டுத்தான் அறைக்கு வர முடிந்தது.

கோயம்புத்தூரில் படிக்கும் மகளுக்கு போன் செய்தேன். மூன்று நாள் போன் எடுக்காததற்குத் திட்டு. அப்புறம் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "அம்மா, இது ஹியோகா மாதிரியே இருக்கு" என்றாள். அது அவள் பார்க்கிற ஜப்பானியக் கார்ட்டூன் தொடர். போன தீபாவளி லீவில் என்னையும் உட்கார்த்திவைத்து ஆறு பகுதி காட்டினாள். நூலகத்தில் ஒரே புத்தகத்தை வாரா வாரம் வேறு வேறு ஆள் எடுத்து அன்றைக்கே திருப்பிக் கொடுக்கிறார்கள், ஏன்? இந்த மாதிரிக் கேள்விகள்தான் அதில். யோனேஸாவா ஹொனொபு 2001-இல் எழுதிய நாவலிலிருந்து வந்தது. ஜப்பானில் இந்த வகைக்குத் தனிப் பெயரே இருக்கிறது, அன்றாட மர்மம் என்று. 1989-இல் கிதாமுரா கவோரு எழுதிய முதல் புத்தகத்திலிருந்து இது ஒரு தனி வரிசையாக வளர்ந்துவிட்டது. கொலை வேண்டாம், போலீஸ் வேண்டாம். டீக்கடையில் ஒருத்தர் ஏன் இத்தனை கரண்டி சர்க்கரை போடுகிறார் என்பது போதும்.

தமிழில் இதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். ஒன்றும் சரியாக அமையவில்லை. விட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

30 பக்கத்தில் 22-ஐ அடித்தேன். கொலை போய்விட்டது. காபி குடிக்கிற மனிதர் பிழைத்துக்கொண்டார். பீரோ சாவியைக் காணவில்லை, வீட்டில் நாலு பேர், எல்லாரும் நல்லவர்கள். சாயங்காலம் 5 மணிவரை கை நிற்கவில்லை. நடுவில் இரண்டு தடவை கரண்ட் போனது, ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். தடை நீங்கிவிட்டது, ஐந்தருவியில் குளிக்கலாம் என்று வாட்ச்மேன் வந்து சொன்னார். போகவில்லை.

சாவி எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் வீட்டில் ஒருவருக்குத் தெரியும்.

ஜூலை 8, செவ்வாய்: மதுரை, திருச்சி

கட்டைப்பையின் பிடியில் சிவப்பு நூல் கட்டிவிட்டேன். பஸ்ஸில் தூங்கவும் இல்லை.

மதுரையில் இறங்கி ஒரு பழைய புத்தகக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் கையிலிருந்த 80 பக்கத்தைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளேயிருந்து சணல் கட்டிய ஒரு கட்டைக் கொண்டுவந்து போட்டார். எல்லாம் தலையோ வாலோ இல்லாத பாக்கெட் நாவல்கள். "இதுல ஏதாவது ஒண்ணு இதோட ஒட்டுதான்னு பாருங்க." ஒரு மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்து 81-ஆம் பக்கங்களாகத் தேடினேன். மூன்று கிடைத்தன. ஒன்றில் விமானம், ஒன்றில் பேய், ஒன்றில் கல்யாணம். எங்கள் கதை தஞ்சாவூர் வீட்டுக்குள் நடக்கிறது. கடைக்காரர் என் நம்பரை வாங்கிக்கொண்டார். காசு வாங்கவில்லை, அதனால் ஒரு வால் இல்லாத நாவலை 20 ரூபாய் கொடுத்து வாங்கினேன். இதிலும் ஓரத்தில் எழுத இடம் நிறைய இருக்கிறது.

ராத்திரி வீடு. எலுமிச்சம்பழத்தைப் பக்கத்து வீடுகளுக்குப் பங்கு போட்டாயிற்று. தூக்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன், அடியில் ச.மு. 30-8-87 தெரிகிறது. காலியாகத் திருப்பிக் கொடுக்க முடியாது. திருச்சியிலிருந்து என்றால் மணப்பாறை முறுக்குதான். அண்ணாச்சிக்குப் பல் எப்படி என்று கவனிக்காமல் வந்துவிட்டேன். உளுந்தஞ்சோறு சாப்பிடும்போது எந்தப் பக்கமாக மென்றார் என்று யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை. நாளைக்கு அக்காவிடம் கேட்க வேண்டும்.